நண்பர்கள் சேர்ந்து புத்தகக் குழு: ஒரே நாவலா, ஒரு சிறுகதையா, அவரவர் புத்தகமா?

"நாங்கள் ஏழெட்டு பேர், காலேஜ் காலத்து நண்பர்கள், எல்லோருக்கும் படிக்கும் ஆசை இருக்கிறது, மாதம் ஒருமுறை கூடிப் பேசலாம் என்று பார்க்கிறோம், எப்படி நடத்துவது?" இந்தக் கேள்வி ஆள் மாறி ஊர் மாறி என்னிடம் வந்துகொண்டே இருக்கிறது. கேட்பவர்களில் பாதிப் பேர் அடுத்த மூச்சிலேயே முதல் புத்தகத்தின் பெயரையும் சொல்லிவிடுவார்கள். எந்தப் புத்தகம் என்பதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். எந்த முறையில் நடத்துகிறீர்கள் என்பதை வைத்துத்தான் குழு ஒரு வருஷம் ஓடுமா, இல்லை மூன்றாம் மாதம் வாட்ஸ்அப்பில் யாரோ போட்ட தீபாவளி வாழ்த்தோடு அடங்கிவிடுமா என்று தெரியும்.

மேடை, மைக், பொன்னாடை, நன்றியுரை எல்லாம் வைத்து நடக்கும் இலக்கியக் கூட்டங்களைப் பற்றி நான் பேசவில்லை. அது வேறு உலகம், அதற்கென்று நிர்வாகிகள் இருக்கிறார்கள், அழைப்பிதழ் அடிக்கிறார்கள். இங்கே பேசுவது யாராவது ஒருவர் வீட்டு ஹாலில் பாய் விரித்து உட்கார்ந்து, நடுவில் ஒருத்தர் எழுந்து போய்ப் பிள்ளையை டியூஷனிலிருந்து கூட்டிக்கொண்டு வந்து, "எதுவரைக்கும் பேசினீங்க?" என்று கேட்கிற மாதிரியான குழு.

இப்படிக் குழுவை நடத்த நான்கு வழிகள் இருக்கின்றன. எல்லோரும் ஒரே நாவலைப் படித்துவிட்டு வருவது, கூடுகிற இடத்திலேயே ஒரு சிறுகதையை வாசித்துப் பேசுவது, அவரவர் படித்ததை வந்து சொல்வது, எதுவும் பேசாமல் சேர்ந்து உட்கார்ந்து படிப்பது. எனக்கு இரண்டாவதன் பக்கம் ஒரு சாய்வு உண்டு, முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன், அதைக் கழித்துக்கொண்டு படியுங்கள்.

## எதை வைத்து எடை போடுவது

நான் முதலில் கேட்பது ஒன்றுதான்: படிக்காமல் வருகிறவர் அன்றைக்கு அங்கே என்ன செய்வார்? மற்ற எல்லாம் இதற்குப் பிறகுதான். நண்பர்கள் குழு சண்டை போட்டுக் கலைவது அபூர்வம். ஒருவர் இந்த மாதம் படிக்கவில்லை, சொல்லக் கூச்சம், "லேசா காய்ச்சல்" என்று செய்தி அனுப்புகிறார். அடுத்த மாதமும் படிக்கவில்லை, இப்போது கூச்சம் இரண்டு மடங்கு, அவர் செய்தியும் அனுப்புவதில்லை. அவரைப் பார்த்து இன்னொருவர். யாரும் விலகுகிறேன் என்று சொல்வதில்லை, ஆனால் யாரும் வருவதும் இல்லை. அதனால் குழுவிலேயே ஆர்வம் அதிகம் உள்ள ஆளை மனதில் வைத்து முறையைத் தேர்ந்தெடுக்காதீர்கள், வேலைப்பளு அதிகம் உள்ள ஆளின் ரொம்ப மோசமான ஒரு மாதத்தை நினைத்துக்கொள்ளுங்கள், அந்த மாதத்திலும் அவர் தலைநிமிர்ந்து வந்து உட்கார முடியுமா என்று பாருங்கள்.

அப்புறம் மற்றவை. கூட்டத்துக்கு வெளியே மாதம் எத்தனை மணி நேரம் கேட்கிறது. புத்தகம் எல்லோர் கைக்கும் எப்படி வரும், என்ன செலவு, தமிழ் சரளமாகப் படிக்க வராதவர் ஒருவர் இருந்தால் (பள்ளியில் இந்தியோ பிரெஞ்சோ எடுத்தவர்கள் ஒவ்வொரு நண்பர் வட்டத்திலும் இருக்கிறார்கள்) அவருக்கு என்ன வழி. பேச்சு எவ்வளவு ஆழம் போகும். கடைசியாக, எல்லோரும் மறந்துபோகிற ஒன்று: வேலையெல்லாம் யார் தலையில் விழுகிறது.

## ஒரே நாவல், மாதம் ஒரு கூட்டம்

புத்தகக் குழு என்றதும் எல்லோர் மனதிலும் வருவது இதுதான். சரியாக அமைந்தால் இதற்கு ஈடு இல்லை, அதையும் சொல்லிவிட வேண்டும். ஆறு பேர் ஒரே கதாபாத்திரத்தோடு ஒரு மாதம் வாழ்ந்துவிட்டு வந்து உட்காரும்போது, அவன் ஏன் அந்த வீட்டை விற்றான், அவள் ஏன் கடைசியில் திரும்பிப் போனாள் என்று கிளம்புகிற வாக்குவாதம் வேறு எந்த முறையிலும் கிடைக்காது.

இப்போது கணக்கு. 300 பக்க நாவல், மணிக்கு 30 பக்கம் என்று வைத்துக்கொண்டால் 10 மணி நேரம். தினம் 20 நிமிஷம் படித்தால் சரியாக 30 நாள். அதாவது மாதத்தில் ஒரு நாள்கூடத் தவறக் கூடாது. காய்ச்சல், ஆபீஸ் டெட்லைன், ஊரில் ஒரு கிரகப்பிரவேசம் எதுவும் வரக் கூடாது. எந்த மனிதருக்கு இப்படி ஒரு மாதம் அமைகிறது? கடைசி வாரம் வந்ததும் 180 பக்கம் பாக்கி இருக்கும், அப்போதுதான் அந்தக் காய்ச்சல் செய்தி.

தமிழ்க் குழுக்களில் முதல் புத்தகமாகப் 'பொன்னியின் செல்வ'னை எடுப்பது கிட்டத்தட்ட ஒரு சடங்கு. ஐந்து பாகம், 2,000 பக்கத்துக்கு மேல். கல்கி அதை வார இதழில் 1950 முதல் 1954 வரை மூன்றரை வருஷம் தொடராக எழுதினார், அன்றைய வாசகர்கள் வாரா வாரம் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் படித்தார்கள். அதைப் போய் "மாதம் ஒரு பாகம், ஐந்து மாதத்தில் முடிச்சிடலாம்" என்று கிளம்பினால் முதல் பாகத்தில் எட்டுப் பேர், மூன்றாவதில் மூன்று பேர். ஆசையாக இருந்தால் வாரத்துக்கு நான்கைந்து அத்தியாயம் என்று ஒரு வருஷத்துக்கு மேல் இழுத்துப் படியுங்கள், அது எழுதப்பட்ட விதத்துக்கும் பொருத்தம்.

வெளியே தெரியாத செலவுகள் இந்த முறையில்தான் அதிகம். புத்தகத்தின் விலையைப் பாருங்கள். 300 பக்கத் தமிழ் நாவல் இன்று 350, 400 ரூபாய்க்குக் குறைந்து கிடைப்பது கஷ்டம், எட்டுப் பேர் என்றால் ஒரு மாதத்துக்குக் குழுவாக 3,000 ரூபாய் போகிறது. நூலகத்தில் எடுக்கலாமே என்றால், ஒரே தலைப்பில் எட்டுப் பிரதி எந்தக் கிளை நூலகத்திலும் இருக்காது. சென்னை கன்னிமாரா நூலகம் தேசியக் களஞ்சிய நூலகங்கள் நான்கில் ஒன்று, இந்தியாவில் வெளியாகிற புத்தகங்கள் சட்டப்படி அங்கே வந்து சேர வேண்டும், ஆனால் வருவது ஒரு பிரதி. அந்த ஒன்றை வைத்து எட்டுப் பேர் என்ன செய்வது. உடனே யாராவது டெலிகிராமில் பிடிஎஃப் தேடுவார்கள். உயிரோடு இருக்கிற எழுத்தாளரின் புத்தகத்தைத் திருட்டுப் பிரதியில் படித்துவிட்டு அவர் எழுத்தின் நேர்மையைப் பற்றிப் பேச உட்காருவது எனக்கு ஒப்பவில்லை, உங்கள் இஷ்டம்.

பதிப்புக் குழப்பம் ஒன்று இருக்கிறது, கூட்டத்தில் உட்கார்ந்தால்தான் புரியும். ஒருவர் கையில் கெட்டி அட்டைப் பதிப்பு, ஒருவர் கையில் வேறு பதிப்பகத்தின் மலிவுப் பதிப்பு, ஒருவர் கிண்டில், ஒருவர் ஆங்கில மொழிபெயர்ப்பு. "212-ஆம் பக்கத்துல பாருங்க" என்றால் நான்கு பேரும் நான்கு இடத்தைப் புரட்டிக்கொண்டிருப்பார்கள், பேச்சின் சூடு ஆறிவிடும். எப்போதும் அத்தியாய எண்ணைச் சொல்லுங்கள், எடுத்துப் பேச நினைக்கிற இடத்தில் பென்சிலால் ஒரு கோடு போட்டு, பத்தியின் முதல் மூன்று சொல்லைச் சொல்லுங்கள். கிண்டிலில் அந்த மூன்று சொல்லைத் தேடினால் இடம் வந்துவிடும்.

முதல் வாரமே முடித்துவிடுகிறவரையும் மறக்காதீர்கள். நான்காவது வாரம் அவருக்குப் பாதிப் பெயர்கள் மறந்திருக்கும், முந்தின நாள் ராத்திரி இரண்டு மணிவரை கண் விழித்து முடித்தவர்தான் அன்றைய பேச்சை ஆள்வார். அப்புறம் புத்தகத்தைத் தேர்ந்தெடுத்தவரின் மனம். தனக்கு ரொம்பப் பிடித்த நாவலை ஒருவர் முன்மொழிந்திருப்பார், இன்னொருவர் சுண்டலை மென்றுகொண்டே "ஐம்பது பக்கத்துக்கு மேல முடியல" என்பார். வெளியாட்கள் சொன்னால் உறைக்காது, இருபது வருஷ நண்பன் சொன்னால் உறைக்கும்.

இது யாருக்கு என்றால், நான்கைந்து பேர், எல்லோரும் ஏற்கெனவே படிக்கும் பழக்கம் உள்ளவர்கள், மாதத்துக்கு ஒரு முறை என்ற பிடிவாதம் இல்லாதவர்கள். 150 பக்கத்துக்குள் அடங்கும் குறுநாவல் என்றால் சமாளிக்கலாம். பெரிய நாவல் என்றால் இரண்டு மாதம் கொடுத்து, நடுவில் பாதிவரைக்கும் ஒரு கூட்டம் வையுங்கள். முடிக்காதவருக்காக முடிவைப் பேசாமல் இருக்க முடியாது என்பதை முதல் நாளே எல்லோரும் ஒப்புக்கொள்ளட்டும், இல்லையென்றால் "ஐயோ சொல்லிடாதீங்க" என்று ஒருவர் காதைப் பொத்திக்கொள்ள, மற்றவர்கள் முதல் நூறு பக்கத்தைச் சுற்றியே வந்துகொண்டிருப்பார்கள்.

## ஒரே சிறுகதை, அங்கேயே வாசித்து அங்கேயே பேசுவது

முன்கூட்டிப் படிக்கும் வேலை பூஜ்யம். நீங்கள் கேட்க வேண்டிய முதல் கேள்விக்கு இதைவிட நல்ல பதில் இல்லை: படிக்காமல் வருகிறவர் என்று ஒருவரே இங்கே கிடையாது.

நடக்கும் விதம் இப்படி. எல்லோரும் வந்து சேர அரைமணி நேரம், அதற்குள் டீ முடிந்திருக்கும். ஒருவர் சத்தமாக வாசிக்க ஆரம்பிக்கிறார், இரண்டு மூன்று பக்கம் ஆனதும் அடுத்தவர். புதுமைப்பித்தனின் 'பொன்னகரம்' மாதிரிக் கதை என்றால் பத்து நிமிஷத்துக்குள் முடிந்துவிடும், கேட்டு முடித்ததும் ஒரு நிமிஷம் யாரும் பேச மாட்டார்கள், அதற்குப் பிறகு கடைசி வரியை வைத்து அடித்துக்கொள்வார்கள். அவருடைய 'செல்லம்மாள்' நீளம், முக்கால் மணி நேரத்துக்குக் குறையாது. அதில் வருகிற பேச்சு திருநெல்வேலிப் பேச்சு, உங்கள் குழுவில் அந்தப் பக்கத்து ஆள் ஒருவர் இருந்தால் பிரமநாயகம் பிள்ளையின் வசனங்களை அவரிடம் கொடுத்துவிடுங்கள், கண்ணால் படித்தபோது தட்டையாகத் தெரிந்த வரிகள் வாயில் வேறு மாதிரி வரும். நோயாளி மனைவியை வருஷக்கணக்காகப் பார்த்துக்கொண்ட அந்த மனிதருக்கு அவள் போனதில் துக்கம் எவ்வளவு, விடுதலை எவ்வளவு என்று ஒருவர் கேட்டால் போதும். வீட்டில் வயதான அப்பா அம்மாவை வைத்துப் பார்த்துக்கொள்கிறவர்கள் பேச ஆரம்பிப்பார்கள், நாவல் கூட்டத்தில் இரண்டு வார்த்தை பேசாதவர்கள்கூட.

தமிழ் எழுத்துக்கூட்டிப் படிக்கிற நண்பருக்கு இந்த முறை ஒரு வரம். அவருக்குக் கேட்டால் எல்லாம் புரியும், கண்ணால் படிப்பதுதான் பிரச்சினை. ஒரு முறை அவர் தன் பங்குக்கு அரைப் பக்கம் வாசிக்கட்டும், திக்கினால் பக்கத்தில் இருக்கிறவர் எடுத்துக் கொடுக்கலாம், யாரும் திருத்த வேண்டாம்.

செலவும் குறைவுதான். இந்தியச் சட்டப்படி எழுத்தாளர் இறந்த வருஷத்துக்குப் பிறகு 60 வருஷம் காப்புரிமை இருக்கும். 1948-ல் மறைந்த புதுமைப்பித்தன், 1944-ல் மறைந்த கு.ப. ராஜகோபாலன் எல்லாம் எப்போதோ பொதுவுக்கு வந்துவிட்டார்கள். அது போகத் தமிழ்நாட்டு அரசு பல எழுத்தாளர்களின் குடும்பத்துக்குத் தொகை கொடுத்து அவர்கள் படைப்புகளை நாட்டுடைமை ஆக்கியிருக்கிறது. பழைய தமிழ் நூல்களை இணையத்தில் இலவசமாகத் தரும், 1998 பொங்கலுக்குத் தொடங்கிய மதுரைத் திட்டத்தின் தளத்தில் இவை நிறையக் கிடைக்கின்றன, பத்துப் பக்கக் கதையை ஜெராக்ஸ் எடுத்தால் ஆளுக்கு 20, 30 ரூபாய். இன்று எழுதுகிறவரின் கதை வேண்டுமென்றால் எல்லோரும் காசு போட்டுத் தொகுப்பை ஒரு பிரதி வாங்குங்கள். சத்தமாக வாசிப்பதற்கு ஒரு பிரதி போதும், எழுத்தாளருக்கும் துரோகம் இல்லை.

இதிலும் சிக்கல் இருக்கிறது. கதை தேடுவது பெரிய வேலை. மாதம் ஒன்று என்றாலும் வருஷத்துக்குப் பன்னிரண்டு, அதுவும் சும்மா நல்ல கதை என்றால் போதாது, பேச வைக்கிற கதையாக இருக்க வேண்டும், அழகான மொழியில் எழுதப்பட்ட, எல்லோருக்கும் பிடித்துப்போன கதையை வாசித்துவிட்டு "நல்லா இருக்கு" என்று ஆளுக்கு ஒருமுறை சொல்லி முடித்துவிட்டால் மீதி ஒரு மணி நேரம் ரியல் எஸ்டேட் பேச்சில்தான் போகும். இந்தத் தேடல் ஒருவர் தலையிலேயே விழுந்தால் ஆறாவது மாதம் அவர் களைத்துவிடுவார். முறை வைத்துக்கொள்ளுங்கள், ஒவ்வொரு மாதமும் ஒருவர், அவர் தேர்ந்தெடுத்ததை யாரும் மாற்றக் கூடாது. வாட்ஸ்அப்பில் ஓட்டெடுப்பு நடத்தினால் எல்லோருக்கும் ஏற்கெனவே தெரிந்த கதைதான் ஜெயிக்கும்.

நாவல் பைத்தியங்களுக்கு இது போதாது என்பதும் உண்மை. ஒரு கதைக்குள் மூன்று தலைமுறையைப் பார்த்துப் பழகியவருக்குப் பத்துப் பக்கம் பசியைக் கிளப்பிவிட்டு நிறுத்திவிடும்.

## அவரவர் புத்தகம்

யார் எதை வேண்டுமானாலும் படிக்கலாம், வந்து ஆளுக்குப் பத்து நிமிஷம் சொல்ல வேண்டும். ஒருவர் கவிதை, ஒருவர் பங்குச் சந்தை, ஒருவர் சோழர் வரலாறு, ஒருவர் பிள்ளைக்குப் படித்துக் காட்டிய படக்கதை. நூலகம் மிகவும் உதவுவது இந்த முறைக்குத்தான், ஒரு பிரதி இருந்தாலே போதுமே. கணவன் மனைவி பிள்ளைகள் என்று குடும்பமாகக் கூடுகிற குழுவுக்கும், ரசனை ஒன்றுக்கொன்று எட்டாத தூரத்தில் இருக்கிற நண்பர்களுக்கும் இது ஒத்துவரும். படிக்காமல் வந்தவர் கேட்டுக்கொண்டு உட்காரலாம், கூச்சம் இல்லை.

ஆனால் எனக்கு இதில் நாட்டம் குறைவு, காரணம் எளிது: மற்றவர்கள் படிக்காத புத்தகத்தைப் பற்றி ஒருவர் பேசும்போது யாரும் மறுத்துப் பேச முடியாது. தலையாட்டலாம், "எங்க கிடைக்கும்?" என்று கேட்கலாம், அவ்வளவுதான். உரையாடல் இல்லை, ஒவ்வொருவராகச் சொற்பொழிவு. பத்து நிமிஷம் என்று சொன்னால் இருபத்தைந்து நிமிஷம் பேசுகிற ஒருவர் எந்தக் குழுவிலும் இருப்பார், அவர் நல்லவராகவும் இருப்பார், அவரை நிறுத்துவது யார்? செல்போனில் மணி வைத்து நடுவில் வைத்துவிடுங்கள், ஆள் நிறுத்தினால்தான் வருத்தம் வரும்.

பணம் மிச்சம் என்று நினைத்தால் அதுவும் ஏமாற்று. மாதா மாதம் ஏழு புத்தகத்தைப் பற்றி ஆசை ஆசையாகக் கேட்டுவிட்டு, 1977-லிருந்து நடக்கிற சென்னைப் புத்தகக் காட்சிக்கு ஜனவரியில் போய் நின்றால் 10 சதவீதத் தள்ளுபடி உங்களைக் காப்பாற்றாது. கைமாற்றாகக் கொடுத்து வாங்கலாம் என்றால், கொடுத்த புத்தகம் திரும்பி வராது, கேட்கவும் முடியாது. மளிகைக் கடை மாதிரி ஒரு நோட்டு போடுங்கள்: புத்தகம், கொடுத்தவர், வாங்கியவர், தேதி. நண்பர்களுக்குள் என்ன நோட்டு என்று யாராவது சிரித்தால் அவர்தான் திருப்பித் தராத ஆள்.

## சேர்ந்து உட்கார்ந்து சும்மா படிப்பது

2012-ல் சான் பிரான்சிஸ்கோவில் இரண்டு தோழிகள் தொடங்கியது இன்று பல நாடுகளில் பரவியிருக்கிறது. பெங்களூரு கப்பன் பூங்காவில் சனிக்கிழமைகளில் பாய் விரித்து ஆளுக்கொரு புத்தகத்தோடு உட்கார்ந்திருக்கிறவர்களைப் பார்த்திருப்பீர்கள். தயாரிப்பு இல்லை, விவாதம் இல்லை, தேர்வு இல்லை, செலவு இல்லை. சென்னையில் என்றால் ஏதாவது பூங்கா, பூட்டுகிற நேரத்தை மட்டும் காவலாளியிடம் கேட்டுக்கொள்ளுங்கள். வெயில் காலத்தில் கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகம், சொந்தப் புத்தகம் கொண்டுபோய்ப் படிக்க அங்கே தனிப் பகுதி இருக்கிறது.

முன்பின் தெரியாதவர்கள் சேர்ந்தால் இது பிரமாதமாக நடக்கும். மூன்று வாரமாகப் பார்க்காத நண்பர்களை ஒரே பாயில் உட்கார வைத்து ஒரு மணி நேரம் வாயைத் திறக்காதே என்றால் நடக்காது. வீட்டில் சின்னக் குழந்தைகள் இருப்பதால் ஒரு மணி நேர அமைதியே கிடைக்காத அம்மாக்கள் நான்கைந்து பேர் சேர்ந்தால் மட்டும் இதை நான் முதல் இடத்தில் வைப்பேன்.

## ஒரே பார்வையில்

| | ஒரே நாவல் | அங்கேயே சிறுகதை | அவரவர் புத்தகம் | சும்மா படிப்பது |
|---|---|---|---|---|
| படிக்காமல் வருபவர் | மாட்டிக்கொள்வார் | அப்படி ஒருவர் இல்லை | கேட்டுக்கொண்டிருக்கலாம் | பிரச்சினை இல்லை |
| கூட்டத்துக்கு வெளியே நேரம் | சுமார் 10 மணி | இல்லை, கதை தேடுபவருக்கு மட்டும் | அவரவர் வசதி | இல்லை |
| ஆளுக்குச் செலவு | 350–400 ரூபாய் | 20–30 ரூபாய் | நூலகம் என்றால் மிகக் குறைவு | இல்லை |
| தமிழ் படிக்கத் தடுமாறுபவர் | மொழிபெயர்ப்பு தேட வேண்டும் | கேட்டே புரிந்துகொள்வார் | எந்த மொழியும் சரி | எந்த மொழியும் சரி |
| பேச்சின் ஆழம் | எல்லோரும் முடித்தால் உச்சம் | கதையைப் பொறுத்து, பெரும்பாலும் நன்று | குறைவு | கிடையாது |
| சுமை யார் மேல் | புத்தகம் தேர்ந்தெடுப்பவர், நினைவூட்டுபவர் | கதை தேடுபவர் | நேரம் பார்ப்பவர் | யார் மேலும் இல்லை |

## எங்கே, எப்போது

முறை எதுவானாலும் இடமும் நாளும் குழுவை வாழவோ சாகவோ வைக்கும், அதனால் இதையும் சேர்த்தே முடிவு செய்யுங்கள்.

வீடு என்றால் இலவசம் என்று தோன்றும். அந்த வீட்டுக்காரருக்கு, பெரும்பாலும் வீட்டுக்காரிக்கு, சனிக்கிழமை முழுக்க ஹாலைச் சுத்தம் செய்வதிலும் ஞாயிற்றுக்கிழமை பஜ்ஜி போடுவதிலும் போகும். அடுப்பங்கரையில் நிற்பவர் பேச்சில் பாதியைக் கேட்பதே இல்லை, அவரும் குழுவில் ஒருத்தர் என்பது எல்லோருக்கும் சௌகரியமாக மறந்துவிடும். கடையில் வாங்கிய மிக்சரும் பிளாஸ்கில் டீயும், அதற்கு மேல் எதுவும் கிடையாது என்று சட்டமே போடுங்கள். ஒரு வீட்டில் கேசரி செய்தால் அடுத்த வீட்டில் பிரியாணி செய்ய வேண்டியிருக்கும், அதற்கடுத்த வீட்டுக்காரர் தன் முறை வரும் மாதம் ஊருக்குப் போய்விடுவார். காபி கடை என்றால் ஆளுக்கு 200 ரூபாய்க்கு மேல், சத்தமாகக் கதை வாசிக்கவும் முடியாது.

ஆன்லைனில் கூடுவது, ஒருவர் கோவையில் ஒருவர் துபாயில் என்றால் வேறு வழியில்லை. கூகுள் மீட்டில் இரண்டு பேருக்கு மேல் போனால் இலவசக் கணக்குக்கு 60 நிமிஷம், ஜூமில் 40 நிமிஷம். இந்தத் தடையை நான் குறையாகப் பார்க்கவில்லை, திரையில் ஒரு மணி நேரத்துக்கு மேல் இழுத்தால் எல்லோர் கண்ணும் பக்கத்து ஜன்னலுக்குப் போய்விடும். ஆன்லைனில் நாவல் பேசுவது பரவாயில்லை. சிறுகதையை வாசிப்பது நன்றாகவே அமையும், ஒருவர் மட்டும் வாசித்து மற்றவர்கள் மைக்கை அணைத்துவிட்டுக் கேட்டால். அவரவர் புத்தகம் சொல்வது மட்டும் ஆபீஸ் மீட்டிங் ஆகிவிடும். இடைவெளிக் காலத்துக்கு ஒரு வாட்ஸ்அப் குழு போதும், அதில் காலை வணக்கப் பூக்கள் வர ஆரம்பித்த அன்றே ஒருவர் கடுமையாக நடந்துகொள்ள வேண்டும்.

நாள் விஷயத்தில் பஞ்சாங்கத்தைப் பாருங்கள், கிண்டலுக்குச் சொல்லவில்லை. ஆவணியிலும் தையிலும் வைகாசியிலும் முகூர்த்த ஞாயிறு வந்தால் பாதிப் பேர் கல்யாணத்தில் இருப்பார்கள். ஆடியிலும் மார்கழியிலும் கல்யாணம் இல்லை, கூட்டம் நன்றாகச் சேரும், நாவல் எடுப்பதானால் அந்த இரண்டு மாதத்தைக் குறி வையுங்கள். மார்ச்சில் பிள்ளைகளுக்குப் பரீட்சை. ஏப்ரல், மே மாதங்களில் சாயங்காலம் வைத்தால் ஐபிஎல்லோடு மோத வேண்டியிருக்கும், ஞாயிறு காலை பத்து மணி பாதுகாப்பு. "எல்லோருக்கும் எப்போ வசதி?" என்று ஒருபோதும் கேட்காதீர்கள், எட்டுப் பேருக்கும் வசதியான நாள் என்று ஒன்று வரவே வராது. மாதத்தின் இரண்டாவது ஞாயிறு என்று ஒன்றைக் குத்துமதிப்பாக நட்டுவிடுங்கள், வருகிறவர் வரட்டும்.

## அப்படியானால் எதை எடுப்பது

ஆறேழு பேர், வேலைக்குப் போகிறவர்கள், பிள்ளைக்குட்டி உள்ளவர்கள், படிக்கும் பழக்கம் விட்டுப்போய் மறுபடி பிடிக்க ஆசைப்படுகிறவர்கள் என்றால் யோசிக்காமல் சிறுகதை. ஆறு மாதம் அதில் ஓட்டுங்கள். அதற்குள் யார் யார் வீட்டுக்குப் போய் அதே எழுத்தாளரின் இன்னொரு கதையையும் தேடிப் படிக்கிறார்கள் என்று தெரிந்துவிடும், அந்த மூன்று நான்கு பேர் மட்டும் தனியாக ஒரு நாவல் எடுக்கட்டும், முடித்ததும் பெரிய குழுவில் ஒருநாள் அதைச் சொல்லட்டும். எல்லோரையும் இழுத்துக்கொண்டு நாவலுக்குள் போக வேண்டிய அவசியமே இல்லை.

ஏற்கெனவே நான்கு பேர், நால்வரும் வெறியோடு படிக்கிறவர்கள் என்றால் நாவல்தான், சிறுகதை உங்களுக்குக் கொறிப்பு. அலுவலக நண்பர்கள், மதிய இடைவேளை முக்கால் மணி நேரம்தான் இருக்கிறது என்றால் மிகச் சின்னக் கதையைச் சத்தமாக வாசிக்கலாம், ஆனால் பக்கத்து மேசைக்காரர்கள் இருக்கிறார்கள் என்றால் அவரவர் புத்தகம், இருவர் மட்டும் பேச, மற்றவர்கள் அடுத்த வாரம். அப்பார்ட்மெண்டில் வயது வித்தியாசத்தோடு கூடுகிற குழுவுக்கும் அவரவர் புத்தகமே சரி, எட்டாம் வகுப்புப் பையனும் ரிடையர்ட் தாத்தாவும் ஒரே கதையை ரசிப்பது நடக்கக் கூடியதுதான் என்றாலும் மாதா மாதம் அப்படி ஒரு கதையைத் தேட உங்களால் முடியாது.

கலந்து செய்யலாமா என்றால் தாராளமாக. ஒன்றே ஒன்றை முதல் நாளே முடிவு செய்துவிடுங்கள், எத்தனை பேர் வந்தால் கூட்டம் நடக்கும் என்று. என் கணக்கு மூன்று. மூன்று பேர் வந்தால் கதையை எடுத்து வாசிக்க வேண்டியதுதான், வராதவர்களுக்காகத் தள்ளி வைக்கக் கூடாது, ஒருமுறை தள்ளி வைத்தால் அடுத்த முறையும் தள்ளிப்போகும். இரண்டு பேர்தான் என்றால் டீயைக் குடித்துவிட்டு ஊர்க்கதை பேசிவிட்டுக் கிளம்புங்கள், அடுத்த இரண்டாவது ஞாயிறு அதே கதை.